திறப்பு வராத பெட்டி

"மிஸ், பெட்டி வந்திட்டு. திறப்பு வரல்ல."

சாகாமத்திலிருந்து வந்த தொலைபேசி அழைப்பு அவ்வளவுதான். சொல்லிவிட்டு அந்தத் தங்கச்சி வைத்துவிட்டாள். எனக்குத்தான் நெஞ்சு பதைத்தது. ஏனென்றால் அந்தப் பெட்டியை வாங்கப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். திறப்பைக் கையில் வாங்காமல் காசைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டியவள் நான்தான். சொல்லவில்லை.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன் தோழியரே. சாகாமத்து மாதர் சங்கத்தில் 11 பேர் சேர்ந்து தங்கள் சுழற்சி நிதியிலிருந்து 18,000 ரூபா எடுத்து, பழைய சாமான் கடையொன்றில் ஓர் இரும்புக் கருவி அலுமாரி வாங்கினார்கள். ஐந்து லாச்சி, கீழே நான்கு சில்லு, ஒரேயொரு பூட்டு. அந்தப் பூட்டைப் பூட்டினால் ஐந்து லாச்சியும் பூட்டுப்படும். "உள்ளுக்குச் சாமானோட தாறன்" என்று கடைக்காரர் அலுமாரியை ஆட்டிக் காட்டினார். கலகலவென்று சத்தம் கேட்டது. திறப்பு வீட்டில் இருக்கிறது, பட்டா லொறிக்காரனிடம் கொடுத்து அனுப்புகிறேன் என்றார். நாங்கள் அந்தச் சத்தத்தை நம்பிக் காசை எண்ணிக் கொடுத்துவிட்டோம். பிறகு கேட்டால், "எனக்கும் பூட்டின மாதிரித்தான் வந்தது. எங்கயோ மூடின ஒரு திட்டத்துச் சாமான்" என்கிறார். அந்த உண்மையை முதலிலேயே சொல்லியிருந்தால் விலையில் பாதியைக் குறைத்திருப்போம்.

ஒரு கருவி அலுமாரிக்காக இத்தனை பாடா என்று கேட்பீர்கள். எங்கள் கரையோரத்தில் வீடு பெண்ணுடையது. தமிழரிடமும் சரி, முஸ்லிம்களிடமும் சரி, மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்து மருமகனை அங்கே அழைப்பதுதான் வழக்கம். குடியும் தாய்வழியில்தான் வரும். டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1969 தொடக்கம் அக்கரைப்பற்றில் தங்கி இதையெல்லாம் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஒலுவில் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் அதை வாசித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. வேலைக்கு வந்து வீடு வீடாகப் போகத் தொடங்கிய பிறகுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. வீடும் வளவும் கிணறும் பெண்ணுக்கு. ஆனால் அந்த வீட்டுக் கூரையில் ஓர் ஆணியடிக்கத் தேவையான சுத்தியல் மட்டும் மாப்பிள்ளையோடு வந்து, மாப்பிள்ளையோடு போய்விடுகிறது.

மாப்பிள்ளை இல்லாமற்போன வீட்டில் என்ன நடக்கும் என்று இந்தப் பக்கத்தை வாசிக்கிற உங்களில் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. தகரம் கழன்றால், கிணற்றுக் கப்பி இறுகினால், கதவுப் பிணைச்சல் விட்டுப் போனால் பக்கத்து வீட்டில் போய்க் கேட்க வேண்டும். சுத்தியலைக் கேட்டால் சுத்தியலோடு ஆளும் வருவார். ஆள் வந்தால் கதை வரும். சாகாமத்து அக்காமாரில் ஒருவர் சொன்னார்: "ஒரு ஆணி அடிக்கிறதுக்கு மூண்டு மாதம் பேச்சு வாங்கினன் மிஸ். அதுக்குப் பிறகு மழைக்குச் சட்டிய வச்சிட்டுப் படுக்கப் பழகிட்டன்." பொதுவாக ஒரு கருவி அலுமாரியை வைத்து, கொப்பியில் எழுதி எடுத்து, வேலை முடிந்ததும் திருப்பி வைக்கும் யோசனை அந்தப் பேச்சிலிருந்துதான் பிறந்தது. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் வகுப்புக்குப் போய் வந்த இரண்டு பிள்ளைகள் தண்ணீர்ப் பம்பியும் சைக்கிளும் திருத்துவார்கள். அவர்களுக்கும் கருவி வேண்டும்.

அடுத்த நாள் காலையில் கல்முனையிலிருந்து பஸ் ஏறினேன். அக்கரைப்பற்றில் இறங்கி, சாகாம வீதியால் ஓட்டோவில் போய்ச் சேரும்போது பத்து மணி. அலுமாரி வேம்புக்குக் கீழே நின்றது. சுற்றிவரப் பெண்கள், பிள்ளைகள், இரண்டு நாய்கள். மூன்று கட்சி ஏற்கெனவே உருவாகியிருந்தது.

ஒரு கட்சி கிறைண்டர் கட்சி. ஒரு தம்பி வந்து ஐந்து நிமிடத்தில் வெட்டித் தருவாராம், 1,500 ரூபா. இரண்டாவது கட்சி, திருப்பி அனுப்பிக் காசை வாங்கு என்றது. மூன்றாவது கட்சியில் ஒரேயொரு ஆள், ஒரு வயதான அம்மா. அவர் அலுமாரிக்குக் கிட்டவே வரவில்லை. "பூட்டின பெட்டிக்குள்ள என்ன கிடக்கெண்டு ஆருக்குத் தெரியும்? தொடாதயுங்க மனே" என்று வேலியோரம் நின்றார்.

இளசுகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. 1990க்குப் பிறகு எத்தனை தரம் ஓடி, எத்தனை தரம் திரும்பி வந்து, வீட்டுக்குள் காலை வைக்கும்போது எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது என்று பயந்து பழகியவர் அவர். 2007 ஜனவரியில் கஞ்சிகுடிச்சாறுக் காட்டில் சண்டை நடந்த காலத்தையும் அருகிலிருந்து பார்த்தவர். ஆகவே இதை எல்லோருக்கும் உரக்கச் சொன்னேன், இங்கேயும் எழுதுகிறேன். கடையில் காசு கொடுத்து வாங்கிய, எங்கிருந்து வந்தது என்று தெரிந்த பெட்டி வேறு. பாழடைந்த வீட்டிலோ, காட்டோரத்திலோ, குளக்கட்டிலோ கிடக்கும் பூட்டிய பெட்டி வேறு. அந்த இரண்டாவது வகையை அசைக்கவும் வேண்டாம், தட்டிப் பார்க்கவும் வேண்டாம். பிள்ளைகளை விலக்கிவிட்டு கிராம உத்தியோகத்தரிடமோ பொலிஸிலோ சொல்லுங்கள். 119க்கு அடித்தாலும் போதும். உள்ளே பழைய துணிதான் இருந்தது என்று பிறகு தெரிந்தால் யாரும் உங்களைக் குறை சொல்லப் போவதில்லை.

கிறைண்டர்காரத் தம்பிக்குச் சொல்லியனுப்பப் போனபோதுதான் அந்த அக்கா தடுத்தார். மழைக்குச் சட்டி வைக்கிற அதே அக்கா. அவருடைய கணவர் தச்சுவேலை செய்தவர். 1990 ஆவணியில் வேலைக்குப் போனவர், வரவில்லை. அக்கா லாச்சிகளின் இடுக்கில் மூக்கை வைத்து மேலிருந்து கீழாக மணந்து பார்த்தார். நான்காவது லாச்சியில் நின்றார்.

"மிஸ், தின்னர் மணக்குது."

நானும் மணந்து பார்த்தேன். ஓம், பெயின்ற் கரைக்கிற தின்னர் மணம்தான். உள்ளே எங்கோ ஒரு பேணி கசிந்திருக்கிறது. கிறைண்டர் இரும்பை வெட்டும்போது பொறி பறக்கும். மூடிய பெட்டிக்குள் தின்னர் ஆவி நிறைந்திருக்க வெளியில் பொறி பறந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்குப் பிறகு கிறைண்டர் கட்சியில் யாரும் இல்லை. அடுப்படிப் பக்கம் நின்ற அலுமாரியை இன்னும் தள்ளிக் காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டு போனோம்.

அப்போது அக்கா ஒரு காரியம் செய்தார். சேலை முந்தானையை அவிழ்த்து, அதில் முடிந்து வைத்திருந்த ஒரு சின்னப் பித்தளைத் திறப்பை எடுத்து, அலுமாரிப் பூட்டில் வைத்துப் பார்த்தார். அது உள்ளேயே போகவில்லை. அவருடைய கணவரின் ஆயுதப் பெட்டித் திறப்பு அது. இடம்பெயரும்போது பெட்டியை வீட்டுக்குள் பூட்டிவிட்டுத் திறப்பை மடியில் கட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, பெட்டியும் இல்லை. திறப்பு மட்டும் இந்த முப்பது வருடத்துக்கு மேலாக முந்தானையில்.

"பொருந்தாது எண்டு தெரியும். ஒருக்கா வச்சுப் பாத்தன்" என்று திரும்ப முடிந்துகொண்டார்.

ஆயுதப் பெட்டி என்ற சொல்லைக் கேட்டு இளம் பிள்ளைகள் முழித்தார்கள். தச்சர்கள் உளி, வாள், சீவுளி எல்லாவற்றையும் ஆயுதம் என்றுதான் சொல்வார்கள். சோதனைச் சாவடியில் என்ன கொண்டு போகிறாய் என்று கேட்டபோது அந்தச் சொல்லைச் சொல்லி அவர் ஒருமுறை அடி வாங்கினாராம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அதற்குப் பெயர் "சாமான் பெட்டி".

சரி, பூட்டுக்கு வருவோம். இப்படியொரு பெட்டி உங்களிடம் வந்தால் முதலில் செய்ய வேண்டியது தேடுவது. பழைய அலுமாரிகளில் மேலதிகத் திறப்பை அடியிலோ, பின்பக்கத்திலோ ரேப் ஒட்டி வைத்திருப்பார்கள். எங்களுடையதில் இல்லை. இரண்டாவது, பூட்டின் முகத்தைப் பார்ப்பது. அதில் சின்ன எழுத்தில் ஓர் இலக்கம் பொறித்திருப்பார்கள். பெரும்பாலும் அது திறப்பின் இலக்கம். அந்த இலக்கத்தைக் கொண்டு கம்பனியில் அல்லது நல்ல திறப்பு வெட்டுபவரிடம் அதே திறப்பை வெட்டுவிக்கலாம். ஒரே வகை அலுமாரிகள் பலவற்றுக்கு ஒரே திறப்புப் பொருந்துவதும் உண்டு. எங்கள் உப்புக் காற்றில் அந்த இலக்கம் அரைவாசி துருவாகியிருந்தது. கடதாசியை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்தபோது மூன்று இலக்கம் தெரிந்தது. சின்ன வயதில் சில்லறைக் காசை அப்படித்தான் தேய்த்து விளையாடுவோம்.

அந்தக் கடதாசியோடு நானும் அக்காவும் அக்கரைப்பற்றுக்குத் திரும்ப வந்தோம். வீதியோரம் ஒரு மேசையும் குடையும் வைத்துத் திறப்பு வெட்டுகிற ஒரு காக்கா இருக்கிறார். முதலில் அவர் கடதாசியைப் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்தார்.

"பெட்டி ஆர்ட மகள்?"

கடைப் பற்றுச்சீட்டைக் காட்டினேன். அதை வாங்கி மெதுவாக வாசித்துவிட்டுத்தான் கதிரையைத் தள்ளிப் போட்டார். எனக்கு அது பிடித்திருந்தது. பூட்டைத் திறக்கத் தெரிந்த ஒருவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். நீங்கள் பழைய பொருள் வாங்கும்போது பற்றுச்சீட்டில் "பூட்டிய நிலையில், திறப்பு இன்றி" என்று எழுதி வாங்குங்கள். நாளைக்கு யாராவது இது களவுச் சாமான் என்றால் அந்த ஒரு வரி உங்களைக் காப்பாற்றும்.

காக்கா ஒரு பழைய அலுமாரிப் பூட்டைக் கழற்றிக் காட்டி அக்காவுக்கு விளங்கப்படுத்தினார். உள்ளே ஒரு சின்ன உருளை. அந்த உருளைக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருள் வில். திறப்பு இல்லாதபோது தகடுகள் வெளியே நீட்டிக்கொண்டு உருளையைத் திரும்ப விடாமல் பிடித்திருக்கும். சரியான திறப்பின் பற்கள் போனதும் எல்லாத் தகடும் ஒரே மட்டத்துக்கு வரும், உருளை திரும்பும். உருளையின் பின்னால் ஒரு நாக்கு. அந்த நாக்குத்தான் பூட்டுவதும் திறப்பதும். மற்றதெல்லாம் அந்த நாக்கைத் திருப்பலாமா கூடாதா என்று கேட்கிற காவற்காரர்கள்.

இந்த யோசனை பழையது. எகிப்தில் பல ஆயிரம் வருடங்களுக்கு முன்பே மரத்தால் இப்படிப் பூட்டுச் செய்திருக்கிறார்கள். விழுகிற மரக்குச்சிகளைத் தூக்கிவிட ஒரு மரத் திறப்பு. 1860களில் அமெரிக்காவில் லைனஸ் யேல் என்பவர் அதையே சின்ன உலோகக் குச்சிகளாக்கிக் கைக்கடக்கமான திறப்போடு கொண்டு வந்தார். இன்றைக்கு எங்கள் முன்கதவுப் பூட்டுகளில் பல அந்த வழியில் வந்தவை. தமிழ்நாட்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்போன ஊர். மாங்காய் வடிவத்தில் கையால் செய்கிற பூட்டும் அங்கே உண்டு. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. திறக்கவே முடியாது என்று சொல்லப்பட்ட ஒரு பூட்டை 1851இல் லண்டன் கண்காட்சிக் காலத்தில் ஹொப்ஸ் என்ற அமெரிக்கர் திறந்தார். 16 நாட்களில் 51 மணித்தியாலம் அவருக்கு எடுத்ததாம். இதை நான் வாசித்துச் சொன்னபோது அக்கா கேட்டார்: "அவருக்குச் சமைச்சுக் குடுத்தது ஆரு?"

காக்கா தன்னிடமிருந்த கொத்திலிருந்து அந்த இலக்கத்துக்கு நெருங்கிய மூன்று திறப்புகளை நம்பித் தந்தார். ஒன்றும் திரும்பாவிட்டால் பலவந்தம் வேண்டாம், முறிந்து உள்ளே நின்றால் பிறகு பெரிய வேலை என்றார். பூட்டுக்கு ஏதாவது எண்ணெய் விட்டீர்களா என்று கேட்டார். முதல் நாள் இரவே ஒருவர் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தார். காக்கா தலையில் கையை வைத்தார். தேங்காய் எண்ணெய் நாள்போகத் தடித்துத் தூசியைப் பிடித்துப் பசை மாதிரி ஆகிவிடும். சமையல் எண்ணெய் எதுவும் பூட்டுக்கு ஆகாது. பென்சில் கரியைத் தூளாக்கி ஊதிவிடுவதுதான் நல்லது. துரு என்றால், மெல்லிய தையல் மெசின் எண்ணெய் இரண்டு துளி. தையல் மெசின் எண்ணெய் இல்லாத வீடு நம்மில் குறைவுதானே.

"திறப்பு சரிவராட்டி பூட்டோட சண்டை பிடிக்காதீங்க. பின்பக்கம் பாருங்க" என்று கடைசியாகச் சொன்னார். கதவில் நாலு பூட்டுப் போட்டுவிட்டுப் பின்பக்கத் தகட்டை நாலு திருகாணியில் விட்டுவிடுவதுதான் அலுமாரி செய்கிறவர்களின் வழக்கமாம்.

மூன்று திறப்பும் சரிவரவில்லை. ஒன்று உள்ளே போனது, திரும்பவில்லை. அலுமாரியைத் திருப்பிப் பார்த்தோம். பின்தகட்டில் எட்டுத் திருகாணி. ஆறு இலேசாகக் கழன்றன. இரண்டு துருவேறி இறுகியிருந்தன. அவற்றுக்கு எண்ணெய் விட்டு, ஸ்குரூ ட்ரைவரை வைத்து மேலே தட்ட வேண்டும், அந்த அதிர்ச்சியில் துரு விடும். தட்டுவதற்குச் சுத்தியல்? அது பெட்டிக்குள்! எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேலியோரம் நின்ற வயதான அம்மாவும் சிரித்தார். கடைசியில் அம்மிக் குழவியால் தட்டினோம்.

அன்றைக்குப் பொழுதுபட்டுவிட்டது. இரவு முழுவதும் எண்ணெய் ஊற விட்டு, அடுத்த நாள் காலையில் ஒன்று கழன்றது. மற்றதன் தலை தேய்ந்து வழுக்கியது. பம்பி திருத்துகிற பிள்ளைகளில் ஒருத்தி பழைய சைக்கிள் ரியூபில் ஒரு துண்டு வெட்டி, அதைத் திருகாணித் தலையில் வைத்து, அதன்மேல் ஸ்குரூ ட்ரைவரை அழுத்தித் திருப்பினாள். ரப்பர் பிடித்துக்கொண்டது. கழன்றது.

பின்தகட்டை எடுத்ததும் எல்லாம் தெரிந்தது. மேலிருந்து கீழ்வரை ஓர் இரும்புச் சட்டம், ஒவ்வொரு லாச்சிக்கும் ஒரு கொக்கி. பூட்டின் நாக்கு அந்தச் சட்டத்தைக் கீழே அமர்த்திப் பிடித்திருக்கிறது. ஆனால் நாக்குக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு சின்ன வளையம், பின்னாலிருந்து கழற்றலாம். அக்கா கையை விட்டு வளையத்தை எடுத்துவிட்டு, அகப்பைக் காம்பால் சட்டத்தை மேலே தூக்கினார். டக் என்று ஒரு சத்தம். முன்பக்கம் நின்ற பிள்ளை, "வந்திட்டு!" என்று கத்தினாள்.

பூட்டு உடையவில்லை, அலுமாரியில் ஒரு கீறலும் இல்லை.

உங்கள் அலுமாரி வேறு விதமாக இருக்கலாம். கோவைகள் வைக்கிற அலுமாரிகள் சிலவற்றில், இரண்டு பேர் பிடித்து இலேசாகப் பின்னுக்குச் சாய்த்து, அடியிலிருந்து சட்டத்தை மேலே தள்ளினாலே திறபடும். பின்தகடு ஆணியடித்து இறுக்கியதாக இருந்தால் கடைசி வழி பூட்டைத் துளைப்பது. திறப்பு போகும் துவாரத்தில் ட்ரில் மெசினால் முதலில் 3 மில்லிமீற்றர் ஊசி, பிறகு பெரிது, பிறகு இன்னும் பெரிது. உருளை சிதைந்து நாக்கு விழுந்துவிடும். பூட்டுப் போய்விடும், ஆனால் அதே அளவில் புதிய அலுமாரிப் பூட்டு இரும்புக் கடையில் வாங்கிப் பொருத்தலாம். பழையதைக் கையில் கொண்டு போய் அளவு பார்த்து வாங்குங்கள். துளைக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். முந்தானையை இடுப்பில் சொருகுங்கள், ஹபாயாக் கையை முழங்கைக்கு மேல் மடியுங்கள், சால்வையைக் கழற்றி வையுங்கள். சுற்றுகிற ஊசி தொங்குகிற துணியைத்தான் முதலில் பிடிக்கும். எங்களுடையதைப் போல உள்ளே தின்னர் மணந்தால் ட்ரில்லும் வேண்டாம், பொறுத்திருந்து பின்பக்கத்தைப் பாருங்கள். இன்னொன்று, திறந்த சந்தோஷத்தில் எல்லா லாச்சியையும் ஒரே நேரத்தில் இழுக்காதீர்கள். பாரம் முன்னுக்கு வந்து அலுமாரி குப்புற விழும். முன்னால் நிற்பது பிள்ளைகளாக இருக்கும்.

உள்ளே என்ன இருந்தது? முதல் லாச்சியில் ஸ்பனர்கள், குறடு இரண்டு. இரண்டாவதில் உளிகள், ஒரு சீவுளி, நீர்மட்டம். மூன்றாவதில் சுத்தியல் மூன்று. அதோடு ஒரு பற்பசைப் பெட்டி. அதற்குள் நூலில் கட்டிய இரண்டு திறப்புகள். ஆம், அலுமாரியின் திறப்புகளேதான்! உள்ளே வைத்துவிட்டு யாரோ பூட்டை அமர்த்திப் பூட்டியிருக்கிறார்கள். நான்காவதில் கசிந்த தின்னர்ப் பேணி, இறுகிப்போன தூரிகைகள்.

ஐந்தாவது லாச்சியில் கோவைகள். நாங்கள் எதிர்பார்க்காதது அதுதான்.

சுனாமிக்குப் பிறகும் யுத்தத்துக்குப் பிறகும் கருவிப் பொதி கொடுத்த ஒரு திட்டத்தின் பதிவுகள் அவை. வேறு ஊர், வேறு ஆட்கள். மேசன் பொதி, தச்சுப் பொதி வாங்கியவர்களின் பட்டியலில் எல்லாம் ஆண் பெயர்கள். தனியாக ஒரு பட்டியல், தையல் மெசின் வாங்கிய பெண்களுடையது. பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம் அல்லது பெருவிரல் அடையாளம். அத்தோடு ஆண்களின் பட்டியலில் இல்லாத ஒரு நிரல்: "கணவனின் நிலை". இறந்தவர். காணாமற்போனவர். விட்டுச் சென்றவர். ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு சொல்.

அக்கா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எண்ட பேரும் இப்பிடி எத்தின லாச்சிக்குள்ள கிடக்குதோ" என்றார்.

எனக்குப் பதில் இல்லை. இப்படியான படிவங்களைக் கையில் வைத்துக்கொண்டு நானே எத்தனை முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எழுதிய பிறகு அந்தத் தாள்கள் எங்கே போகின்றன என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கமாகத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நிறைவேற்றப்பட்டது. அதைப் பற்றி எங்களுக்கு ஒரு பயிற்சியும் வைத்தார்கள். பயிற்சியில் கணினியைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். பழைய இரும்பு விலைக்கு விற்கப்படுகிற அலுமாரியைப் பற்றி யாரும் பேசவில்லை.

அந்தக் கோவைகளை என்ன செய்வது என்று கூட்டம் வைத்தார்கள். எரிப்போம் என்றார்கள் சிலர். அந்தப் பெண்களில் யாருக்காவது ஒரு கையொப்பம், ஒரு திகதி, ஏதாவது விண்ணப்பத்துக்கு ஆதாரமாகத் தேவைப்படலாம், எரித்தால் போச்சு என்றார் அக்கா. காணாமற்போனவரைத் தேடி எத்தனையோ இடத்தில் ஆதாரம் கேட்கப்பட்டவர் சொல்கிறார் என்பதால் யாரும் மறுத்துப் பேசவில்லை. தாள்களை மேற்கொண்டு யாரும் வாசிப்பதில்லை என்று முடிவு செய்து, உரப்பையில் இட்டுக் கட்டி, பிரதேச செயலகத்துப் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கையளித்துப் பற்றுச்சீட்டு வாங்கினோம். அந்தப் பற்றுச்சீட்டு இப்போது சங்கத்தின் கோவையில் இருக்கிறது. அலுவலகம் திரும்பிய அன்றே எங்கள் பழைய அலுமாரிகள் இரண்டைத் திறந்து பார்த்தேன். மூன்று நாள் வேலை இருந்தது.

காக்காவிடம் மூன்று திறப்பையும் திருப்பிக் கொடுத்து, அலுமாரித் திறப்பில் இன்னும் ஒன்று வெட்டுவித்தோம். காசு வாங்கினார், ஆனால் பென்சில் கரித்தூள் ஒரு பொட்டலம் சும்மா தந்தார். பூட்டு இன்னும் கொஞ்சம் இறுக்கம்தான், இரண்டு தரம் அசைத்துத் திருப்ப வேண்டும். ஒரு திறப்பு தலைவியிடம், ஒன்று பொருளாளரிடம், மூன்றாவது அக்காவின் முந்தானையில், அந்தப் பித்தளைத் திறப்புக்குப் பக்கத்தில்.

கருவி எடுக்கிற கொப்பியை நான்தான் கோடு போட்டுக் கொடுத்தேன். பெயர், கருவி, எடுத்த திகதி, கொடுத்த திகதி. வேறு நிரல் எதுவும் போடவில்லை. போன கிழமை போனபோது புரட்டிப் பார்த்தேன். முதலாவது பதிவு வேலியோரம் நின்ற அந்த வயதான அம்மாவுடையது. சின்னச் சுத்தியல் ஒன்று, எடுத்து ஒன்பது நாள். இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.